புதுப்பித்த பழைய வண்டியில் கதவுக் கண்ணாடி கோணலாக நிற்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிங்கரிங் முடிந்து, பெயின்ட் காய்ந்து, புது ரப்பரும் போட்டாயிற்று. கதவை மூடிக் கண்ணாடியை ஏற்றினால் பின்மூலையில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குச் சந்து. அல்லது பாதி வழியில் சிக்கிக்கொண்டு கைப்பிடி சுற்ற மறுக்கிறது. பழைய வண்டியைப் பிரித்துக் கோத்தவர்களில் இதைப் பார்க்காதவர் குறைவு. என் வண்டியின் வலப்பக்கக் கதவு மட்டும் மூன்று வார இறுதிகளைத் தின்றது. அப்போது எனக்கு எழுந்த கேள்விகளும், பிறகு மற்றவர்கள் என்னிடம் கேட்டவையும் கீழே. கையால் சுற்றும் கண்ணாடியை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மோட்டார் வைத்தவற்றுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

கழற்றுவதற்கு முன் ஒழுங்காக ஏறி இறங்கிய கண்ணாடிதானே? இப்போது மட்டும் ஏன்?

கண்ணாடி மாறவில்லை. அதைச் சுற்றியிருக்கிற எல்லாம் மாறிவிட்டது.

பல வருடங்கள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து பழகிய பாகங்கள் அவை. அமுங்கிப்போன ரப்பர், தேய்ந்த கீல், கொஞ்சம் தொங்கிய கதவு, கண்ணாடி ஓடும் தடத்தில் முடி உதிர்ந்த வெல்வெட் எல்லாம் சேர்ந்து தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தன. நீங்கள் கீலுக்குப் புது முள் (அச்சாணி) போட்டீர்கள். கதவு மேலே எழுந்தது. கதவைச் சுற்றி ஒட்டும் ரப்பர் பட்டையான பீடிங்கைப் புதிதாக ஒட்டினீர்கள்; கதவு சற்று வெளியே தள்ளப்பட்டது. துருப்பிடித்த வெளித்தகட்டை மாற்றி வெல்ட் வைத்ததில் கதவே லேசாக முறுக்கியிருக்கலாம். கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறியான ரெகுலேட்டருக்கு பவுடர் கோட் கொடுத்திருந்தால் பக்கத்துக்கு 60 முதல் 100 மைக்ரான் வரை தடிமன் ஏறியிருக்கும். வெறும் தகட்டில் அது ஒன்றுமில்லை; ரோலர் ஓடும் தடத்தில் இரண்டு பக்கமும் ஏறினால் அதுவே ரோலரைப் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் ஷிம். கீலுக்கும் தூணுக்கும் நடுவே, ரெகுலேட்டருக்கும் உள்தகட்டுக்கும் நடுவே, தொழிற்சாலையில் மெல்லிய தகடுகளையும் வாஷர்களையும் வைத்திருப்பார்கள். கழற்றும்போது அவை எண்ணெய்ப் பிசுக்கோடு ஏதோ ஒரு டப்பாவில் விழும். என் கதவைப் பெயின்டுக்குப் பிரித்தவர் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் பத்திரமாகக் கொட்டி வைத்திருந்தார். எது எந்தக் கீலின் அடியில் இருந்தது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கதவுக்குள் என்னதான் இருக்கிறது?

கதவின் உட்பக்க அட்டையான டோர் பேடைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடியின் அடிவிளிம்பு ஓர் உலோக அடிச்சட்டத்துக்குள், ரப்பர் பட்டை சுற்றி, இறுக்கமாகச் செருகியிருக்கும். ரெகுலேட்டர் கையின் நுனியிலுள்ள ரோலர் அந்த அடிச்சட்டத்தில் ஓடும். பழைய வண்டிகளில் அதிகம் பார்ப்பது இரண்டு வகை: ஒற்றைக் கை, அல்லது கத்தரிக்கோல் போலக் குறுக்கிட்ட இரட்டைக் கை. கத்தரி வகையில் இரண்டாவது கையின் கீழ்நுனி, உள்தகட்டில் போல்ட் போட்ட ஒரு குட்டை சேனலில் ஓடும். இந்தக் குட்டை சேனலை நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

கண்ணாடியின் முன்னாலும் பின்னாலும் வெல்வெட் ஒட்டிய ‘ப’ வடிவ சேனல்கள் நிற்கும். முன்பக்கம் முக்கோணக் கண்ணாடி இருந்தால், அதன் நடுச்சட்டமே முன் சேனல். கண்ணாடி கதவுக்குள் இறங்கும் நீளச் சந்தை இங்கே ‘வாய்’ என்று சொல்கிறேன். அந்த வாயின் உள்ளுதட்டிலும் வெளியுதட்டிலும் கண்ணாடியைத் துடைக்கும் பட்டைகள் இருக்கும். கடைசியாக, மேலே எவ்வளவு ஏறலாம், கீழே எவ்வளவு இறங்கலாம் என்று தடுக்கும் ஸ்டாப்பர்கள். ஏறத்தாழ எல்லா போல்ட்டும் நீள்துளையில்தான் உட்கார்ந்திருக்கும். நகர்த்துவதற்காகவே அந்தத் துளையை நீளமாக வெட்டியிருக்கிறார்கள். நமக்குத் தொல்லையும் அதுதான், வழியும் அதுதான்.

ஆரம்பகால மினி போன்ற சில வண்டிகளில் கண்ணாடி பக்கவாட்டில் நகரும், ரெகுலேட்டரே கிடையாது. அந்தப் பாக்கியசாலிகள் பீடிங், வெல்வெட் பற்றிய பகுதிகளை மட்டும் படித்தால் போதும்.

சரி, எதில் தொடங்குவது?

கண்ணாடியில் மட்டும் தொடங்காதீர்கள். பாடி, கீல், பீடிங், ஸ்ட்ரைக்கர் (கதவின் லாக் மாட்டிக்கொள்ளத் தூணில் இருக்கும் கொக்கி), சேனல், கடைசியில்தான் கண்ணாடி. இந்த வரிசையைத் தாண்டியவர்கள் எல்லோரும் இரண்டு முறை வேலை செய்தவர்கள். அதில் நானும் ஒருவன்.

முதலில் வண்டி தன் நான்கு சக்கரத்தில், சமதரையில் நிற்க வேண்டும். எஞ்சின், சீட் எல்லாம் உள்ளே இருக்க வேண்டும். ஸ்டாண்டில் தூக்கி வைத்திருக்கும்போது பொருத்திப் பார்த்த கதவு, எடை ஏறியதும் அதே இடத்தில் நிற்காது. சேசிஸ் தனியாக உள்ள வண்டியில் பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே உள்ள ரப்பர் மவுன்ட்களை மாற்றினால்கூடக் கதவின் சந்து விரியும், சுருங்கும். மேற்கூரை மடியும் வண்டியில் இது இன்னும் மோசம். கூரை கொடுக்கும் பிடிமானம் அங்கே இல்லை.

அடுத்து, ஸ்ட்ரைக்கரைக் கழற்றிவிட்டுக் கதவை மெதுவாக மூடுங்கள். இது பலரும் செய்யாத சோதனை. ஸ்ட்ரைக்கர் இருக்கும்வரை அது கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீலின் குற்றத்தை மறைக்கும். அது இல்லாதபோது கதவு தானாக எங்கே போய் நிற்கிறதோ, அதுதான் உண்மையான நிலை. நான்கு பக்கச் சந்தும் ஓரளவு சமமாக, கதவின் பரப்பும் பக்கத்துத் தகட்டின் பரப்பும் ஒரே மட்டமாக வரும்வரை கீலைத்தான் சரிசெய்ய வேண்டும். பின்பக்கச் சந்து மேலே குறுகி, கீழே அகன்று இருந்தால் கதவின் பின்முனை தொங்குகிறது; மேலே அகன்று, கீழே குறுகியிருந்தால் உயர்ந்து நிற்கிறது. அது சரியான பிறகு ஸ்ட்ரைக்கரை மாட்டுங்கள். லாக் அதற்குள் நேராக நுழைய வேண்டும். நுழையும்போது கதவு மேலேயோ கீழேயோ குதிக்கவே கூடாது.

கீல் தேய்ந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

கதவைப் பாதி திறந்து, லாக் இருக்கும் முனையை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்குங்கள். கீலில் ‘டக்’ என்று ஒரு அசைவு தெரிந்தால் முள்ளோ புஷ்ஷோ போய்விட்டது. அதை மாற்றாமல் மேற்கொண்டு எதையும் தொடாதீர்கள். கீலில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் என்றால், ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் கதவு முனையில் அது ஓரிரு மில்லிமீட்டராகப் பெருகி நிற்கும்.

புது பீடிங் போட்டதிலிருந்து கதவை ஓங்கி அறைய வேண்டியிருக்கிறது. பீடிங் தப்பா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முதலில் கண்ணாடியை இறக்கிவிட்டு மூடிப் பாருங்கள். அப்போது சுலபமாக மூடினால் ரப்பர் மேல் குற்றமில்லை. உள்ளே அடைபட்ட காற்றுதான் எதிர்க்கிறது. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய கதை.

கண்ணாடி இறங்கியிருந்தும் மூடவில்லை என்றால், பீடிங்கின் வடிவத்தைப் பழையதோடு ஒப்பிடுங்கள். குறுக்கே வெட்டிய துண்டை அருகருகே வைத்தால் தெரிந்துவிடும். மாற்றுச் சந்தையில் வருகிற ரப்பர் சில நேரம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடியாகவோ, கல் மாதிரி கெட்டியாகவோ இருக்கும். வடிவம் சரி என்றால், கதவை மூடியே சில நாள் விட்டுவையுங்கள். ரப்பர் தானாகப் படியும். அவசரப்பட்டு ஸ்ட்ரைக்கரை வெளியே இழுத்து வைத்தால், ரப்பர் படிந்த பிறகு கதவு வெளியே துருத்தி நிற்கும், கண்ணாடியும் கூடவே வெளியே வரும்.

இன்னொன்று: பசை போடுவதற்கு முன் மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவைத்து ஒரு முறை மூடிப் பாருங்கள். பசை காய்ந்த பிறகு பீடிங்கைப் பிடுங்கும்போது புதுப் பெயின்டும் சேர்ந்து வரும்.

கண்ணாடி மேலே ஏறும்போது பின்பக்கம் சாய்கிறது. பின்மூலை பின்தங்குகிறது. என்ன காரணம்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். காரணம் மூன்று இடத்தில் இருக்கலாம்.

கத்தரி வகை ரெகுலேட்டர் என்றால் முதல் சந்தேகம் அந்தக் குட்டை சேனல் மேல். அது எந்தக் கோணத்தில் நிற்கிறதோ, கண்ணாடியும் அதே கோணத்தில்தான் ஏறும். கண்ணாடியை உச்சிக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் நிறுத்துங்கள். கண்ணாடியின் மேல்விளிம்புக்கும் ஃபிரேமுக்கும் நடுவே உள்ள சந்தை முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். முன்னால் 6 மி.மீ., பின்னால் 13 மி.மீ. என்றால் சாய்வு உறுதி. குட்டை சேனலின் போல்ட்டுகளைத் தளர்த்தி, கண்ணாடியைக் கையால் நேராகப் பிடித்து இரண்டு சந்தும் சமமானதும் இறுக்குங்கள். உதவிக்கு ஒருவர் இருந்தால் பத்து நிமிட வேலை.

ஒற்றைக் கை ரெகுலேட்டர் என்றால் கதை வேறு. கண்ணாடியை ஒரே புள்ளியில்தான் தூக்குகிறது. அதை நேராக வைத்திருப்பது முன், பின் சேனல்கள் மட்டுமே. வெல்வெட் மெலிந்திருந்தாலோ நடுச்சட்டம் தள்ளி நின்றாலோ கண்ணாடி சாய்ந்து, குறுக்கே மாட்டிக்கொள்ளும். மேசை இழுப்பறையை ஒரு ஓரத்தில் மட்டும் பிடித்து இழுத்தால் சிக்குமே, அதே கணக்கு. இங்கே ரெகுலேட்டரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. சேனலைச் சரிசெய்ய வேண்டும்.

மூன்றாவது காரணம்தான் என்னை மூன்று வாரம் ஓட வைத்தது. குட்டை சேனலை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன், நடுச்சட்டத்தை நகர்த்தினேன், ரோலரை மாற்றினேன். எதற்கும் மசியவில்லை. கடைசியில் இடப்பக்கக் கண்ணாடியையும் வெளியே எடுத்து, இரண்டையும் போர்வை விரித்த மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடிச்சட்டத்தை அளந்தேன். இடப்பக்கத்தில் கண்ணாடியின் பின்விளிம்பிலிருந்து சட்டத்தின் முனைவரை 95 மி.மீ.; வலப்பக்கத்தில் 83. துருவைச் சுத்தம் செய்யச் சட்டத்தைக் கழற்றிய நானே 12 மி.மீ. தள்ளிச் செருகியிருந்தேன். ரோலர் தூக்கும் புள்ளி அத்தனை தூரம் இடம் மாறினால் கண்ணாடி எப்படி நேராக ஏறும்?

சட்டத்தைக் கழற்றுவதற்கு முன் அதன் முனைகளைக் கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். திரும்பச் செருகும்போது ரப்பர் பட்டையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, சட்டத்தின் மேல் மரக்கட்டை வைத்து ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். பட்டையின் தடிமனும் முக்கியம்: தடித்தது போட்டால் சட்டம் முழு ஆழம் உட்காராது, கண்ணாடி அந்த அளவுக்கு உயர்ந்து நிற்கும். மெலிந்தது போட்டால் ஒரு நாள் சட்டம் மட்டும் மேலே போகும், கண்ணாடி கீழேயே இருக்கும்.

முன் சேனலும் பின் சேனலும் இணையாக நிற்கின்றனவா என்று கதவுக்குள் எப்படி அளப்பது?

அளவு டேப் உள்ளே நேராக நிற்காது. ஒரு மெல்லிய மரக்குச்சியை எடுத்து, வாயின் மட்டத்தில் முன் சேனலின் அடிப்பள்ளத்திலிருந்து பின் சேனலின் அடிப்பள்ளம்வரை சரியாக நிற்கும்படி வெட்டுங்கள். அதே குச்சியைக் கதவுக்குள் கீழே இறக்குங்கள். கீழே போகப் போக இறுகினால் நடுச்சட்டத்தின் அடிமுனை பின்னால் வந்திருக்கிறது. தளர்ந்தால் முன்னால் போயிருக்கிறது. அடியில் இருக்கும் ஒரே போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்யலாம். கண்ணாடியை மாட்டிய பிறகு முன்னும் பின்னும் சேர்த்து 2, 3 மி.மீ. ப்ளே (ஆட்டம்) இருந்தால் நல்லது. துளியும் ப்ளே இல்லாமல் வைத்தால் வெயிலில் சிக்கும்.

கதவில் ஃபிரேமே இல்லை. மேல்விளிம்பு ரப்பரைத் தொடாமல் வெளியே நிற்கிறது. எதைத் திருப்புவது?

மேலே இருக்கும் சந்துக்கு மருந்து கீழே இருக்கிறது. புதிதாகப் பார்ப்பவர்களைக் குழப்புவது இதுதான்.

இந்த வகைக் கதவில் கண்ணாடி இரண்டு வழிகாட்டிக் கம்பிகளில் ஏறும். கதவின் வாய்தான் அச்சு. சீசாப் பலகை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கம்பியின் கீழ்முனையை வெளிப்பக்கமாகத் தள்ளினால் கண்ணாடியின் மேல்விளிம்பு உள்ளே சாயும். உள்ளே இழுத்தால் மேல்விளிம்பு வெளியே போகும். எவ்வளவு என்பதும் எளிய கணக்கு: வாயிலிருந்து கம்பியின் கீழ்முனை 300 மி.மீ. ஆழத்தில், கண்ணாடியின் மேல்விளிம்பு 400 மி.மீ. உயரத்தில் என்றால், கீழே 3 மி.மீ. நகர்த்தினால் மேலே 4 மி.மீ. நகரும். ஆகவே கம்பியின் கீழ்முனையை நகர்த்தும் திருகை ஒரு முறைக்கு ஒரு சுற்று, அதற்கு மேல் வேண்டாம். முன் கம்பியையும் பின் கம்பியையும் ஒரே அளவில் நகர்த்துங்கள். ஒன்றை மட்டும் நகர்த்தினால் கண்ணாடி முறுகி, ஏறும்போது முனகும்.

மேல்விளிம்பு ரப்பரை வெறுமனே தொட்டால் போதாது, கொஞ்சம் அழுத்த வேண்டும். ஓடும்போது வண்டிக்கு வெளியே காற்றழுத்தம் குறையும். உள்ளே இருக்கும் காற்று கண்ணாடியை வெளியே தள்ளும். நிற்கும்போது மட்டுமட்டாகத் தொடும் கண்ணாடி, வேகம் எடுத்ததும் விலகி விசில் அடிக்கும். அதற்காக அளவுக்கு மீறி உள்ளே சாய்த்தால், கதவை மூடும்போது கண்ணாடி ரப்பரின் உதட்டை உள்ளே மடக்கிவிடும். கதவை மிக மெதுவாக மூடிக்கொண்டே, கண்ணாடி ரப்பரை எந்த இடத்தில் முதலில் சந்திக்கிறது என்று குனிந்து பாருங்கள். மேல்விளிம்பு முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொட வேண்டும்.

நான்கு கண்ணாடி, நடுவில் தூண் கிடையாது. எதை முதலில் வைப்பது?

முன்னாலிருந்து பின்னால். முன்கண்ணாடித் தூணுக்கு முக்கோணக் கண்ணாடி, அதற்குக் கதவுக் கண்ணாடி, அதற்குப் பின்பக்கச் சின்னக் கண்ணாடி. மடிகிற கூரை என்றால் முதலில் கூரையை மூடிப் பூட்டி, அதன் ரப்பர் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கண்ணாடிக்கு வர வேண்டும். பின்பக்கச் சின்னக் கண்ணாடியை முதலில் இறுக்கியவர்கள் அதைத் திரும்பத் தளர்த்தாமல் தப்பியதில்லை.

ஃபிரேம் உள்ள கதவில் மேல் ஃபிரேமே வெளியே நிற்கிறது. வளைக்கலாமா?

வளைக்கலாம். அந்தக் காலத்துத் தொழிற்சாலை ஆட்களே முழங்காலும் மரக்கட்டையும் வைத்துத்தான் ஃபிரேமைப் படிய வைத்தார்கள். ஆனால் முதலில் கண்ணாடியை முழுக்க இறக்குங்கள். கதவு திறந்திருக்க, வாயை ஒட்டிய இடத்தில் மடித்த துணி வைத்து முழங்காலால் முட்டுக்கொடுத்து, ஃபிரேமின் மேல்மூலையைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்நோக்கித் தள்ளுங்கள். ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு முறை மூடிப் பார்க்க வேண்டும். ஃபிரேம் கதவோடு சேரும் மூலையில் புதுப் பெயின்ட் இருந்தால், அங்கே மயிரிழை விரிசல் விழ வாய்ப்புண்டு. அதனால்தான் பெயின்டுக்கு முன்பே ஒரு முறை எல்லாவற்றையும் மாட்டிப் பாருங்கள் என்று அனுபவசாலிகள் தலையில் அடித்துக்கொண்டு சொல்வார்கள். நாம் யாரும் கேட்பதில்லை.

கண்ணாடி உச்சிவரை ஏறவில்லை.

மேல் ஸ்டாப்பர் கீழே இறங்கியிருக்கிறதா பாருங்கள். அதில் குற்றமில்லை என்றால் மேல் சேனலின் புது வெல்வெட் மூலையில் மடங்கித் தடித்திருக்கலாம். வளைவில் வெட்டாமல் மடக்கித் திணித்திருப்பார்கள்.

ஏறுகிறது, ஆனால் இரண்டு கையால் சுற்ற வேண்டியிருக்கிறது.

ரெகுலேட்டரைக் கண்ணாடியிலிருந்து பிரித்துத் தனியாகச் சுற்றுங்கள். அப்படியும் கனத்தால் பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கிறது, அல்லது ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. தனியாக இலகுவாகச் சுற்றினால் குற்றம் சேனலில். கண்ணாடியை மட்டும் கையால் ஏற்றி இறக்கிப் பார்த்தால் எந்த உயரத்தில் பிடிக்கிறது என்று விரலுக்கே தெரியும்.

பற்சக்கரம், ரோலர், ரோலர் ஓடும் தடம் ஆகியவற்றுக்கு வெள்ளை லித்தியம் கிரீஸ். வெல்வெட்டுக்கும் ரப்பருக்கும் சிலிக்கோன் ஸ்பிரே மட்டும். பெட்ரோலிய எண்ணெயோ சாதாரண கிரீஸோ பட்டால் பல வகை ரப்பர் உப்பிக் கெடும், வெல்வெட் தூசியைப் பிடித்து உப்புத்தாள் ஆகும். ஒரு எச்சரிக்கை: வண்டியில் இன்னும் பெயின்ட் டச்-அப் பாக்கி இருந்தால் சிலிக்கோன் டப்பாவைத் திறக்கவே திறக்காதீர்கள். அதன் துளி பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் மீன்கண் மாதிரி குழிகுழியாக விலகும்.

ரெகுலேட்டரை நானே பிரிக்கலாமா?

கதவிலிருந்து கழற்றலாம். அதில் இருக்கும் சுருள் ஸ்பிரிங்கை மட்டும் யோசிக்காமல் தொடாதீர்கள். கண்ணாடியின் எடையைத் தாங்குவதற்காக அது முறுக்கேறி நிற்கிறது. மோட்டார் வகையில் மோட்டாரைக் கழற்றிய நொடியில் பற்சக்கரத் தகடு கத்திபோல வீசும், விரல் போய்விடும். தகட்டையும் அடிப்பலகையையும் சேர்த்துத் துளையிட்டு ஒரு போல்ட்டால் பூட்டிய பிறகே மோட்டாரைக் கழற்ற வேண்டும். பேட்டரி இணைப்பை முதலிலேயே எடுத்துவிடுங்கள். கதவுக்குள் கைவிடும்போது கையுறை போடுங்கள். உள்தகட்டின் வெட்டுவிளிம்பு சவரக்கத்திக்குச் சளைத்ததல்ல.

ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர்தான் இடிக்கிறது. கண்ணாடியைத் தேய்த்துக் குறைத்தால் என்ன?

டெம்பர்ட் கண்ணாடி என்றால் நினைக்கவே வேண்டாம். அதை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, வேகமாகக் காற்றடித்துக் குளிர வைத்திருக்கிறார்கள். மேற்பரப்பு முழுவதும் அழுத்தத்தில் இருக்கும். ஓரத்தை வெட்டினாலோ துளைத்தாலோ மொத்தமும் பொரி மாதிரி உதிரும். கல் வைத்துத் தேய்ப்பதும் அதே சூதாட்டம்தான். இன்னும் பழைய வண்டிகளில் தட்டையான லேமினேட்டட் கண்ணாடி இருக்கும். ஓரத்தை உற்றுப் பார்த்தால் இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு மெல்லிய கோடு தெரியும். அதைக் கண்ணாடி வெட்டுபவர் வெட்டித் தருவார்.

வேறு கண்ணாடி வாங்குவதாக இருந்தால், தடிமனை வெர்னியரால் அளந்துவிட்டு வாங்குங்கள். பழையது சுமார் 6 மி.மீ., புதியது 4 மி.மீ. என்றால் சேனலும் அடிச்சட்டமும் அதைப் பிடிக்காது, கடகடவென்று ஆடும். வளைந்த கண்ணாடி என்றால் பழையதன் மேல் புதியதைப் படுக்க வைத்து வளைவையும் ஒப்பிடுங்கள்.

புதுக் கண்ணாடியில் அதற்குள் செங்குத்தாகக் கீறல் விழுந்துவிட்டது.

வாயின் துடைப்பான் பட்டை கழன்றிருக்கிறது, அல்லது அதன் கிளிப்பின் முனை கண்ணாடியைத் தொடுகிறது. வெல்டிங், சாண்ட் பிளாஸ்ட் செய்த கதவு என்றால் உள்ளே மணலும் இரும்புத்தூளும் கிடக்கும். கதவின் அடியைக் காந்தம் கட்டிய குச்சியால் ஒரு முறை துழாவுங்கள். என்ன வருகிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

மழையில் கதவுக்குள் தண்ணீர் இறங்குகிறது. கண்ணாடி இன்னும் சரியாக உட்காரவில்லையா?

கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு. வாயின் பட்டை தண்ணீரைத் துடைக்கும், முழுதாக அடைக்காது. கண்ணாடி வழியே இறங்கும் நீர் கதவின் அடியிலுள்ள துளைகள் வழியே வெளியே போக வேண்டும் என்பதுதான் அமைப்பு. புதுப்பிக்கும்போது அந்தத் துளைகளைப் பட்டியோ, அண்டர்கோட்டோ, வெல்டோ அடைத்துவிடுவதுதான் கோளாறு. ஒரு கம்பியை விட்டுக் குடைந்து பாருங்கள். கதவை ஆட்டும்போது ‘கலக் கலக்’ என்று சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

தண்ணீர் வண்டிக்குள் மிதியடிவரை வருகிறது என்றால், டோர் பேடுக்குப் பின்னால் ஒட்ட வேண்டிய பிளாஸ்டிக் தாளை யாரோ ஒட்டாமல் விட்டிருக்கிறார்கள். ‘இது என்ன குப்பை’ என்று முதல் நாளே தூக்கி எறியப்படும் பொருள் அது. அதன் அடிவிளிம்பு கதவின் உள்ளே மடங்கி இறங்க வேண்டும். வெளியே தொங்கினால் தண்ணீர் நேராகப் பேடுக்கு வரும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எப்படி உறுதி செய்வது?

மூன்று சோதனை போதும். இரண்டு விரல் அகலக் காகிதத் துண்டை ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைத்துக் கதவை மூடி இழுங்கள். கொஞ்சம் தயங்கி வர வேண்டும். உருவிக்கொண்டு வந்தால் அங்கே அழுத்தம் இல்லை, கிழிந்தால் அதிகம். கை அகலத்துக்கு ஒரு முறை எனச் சுற்றிலும் பாருங்கள்.

இரண்டாவது, ரப்பரின் உதட்டில் சாக்பீஸ் தேய்த்துக் கதவை மூடித் திறந்தால் கண்ணாடியில் வெள்ளைக்கோடு பதியும். கோடு விட்டுப்போன இடம்தான் ஒழுகும் இடம். எனக்குப் பிடித்த சோதனை இது, வாதத்துக்கே இடமில்லை.

மூன்றாவது தண்ணீர். குழாயின் முனையில் எதுவும் மாட்டாமல் மெதுவாக ஓட விடுங்கள். கீழிருந்து மேலே போங்கள், ஒவ்வொரு இடத்திலும் ஓரிரு நிமிடம். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்காரட்டும். மேலிருந்து தொடங்கினால் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது, எல்லாம் நனைந்திருக்கும். அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் வாஷர் வேண்டாம். அதற்கு எந்தப் பழைய வண்டியும் தாங்காது.

டோர் பேடை எப்போது மாட்டலாம்?

தண்ணீர்ச் சோதனை முடிந்த அன்றே மாட்டாதீர்கள். பேட் இல்லாமலேயே மேடு பள்ளமான சாலையில் ஒரு நாள் ஓட்டிவிட்டு வந்து, எல்லா போல்ட்டையும் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு கால் சுற்று தளர்ந்திருக்கும். இறுக்கியதும் ஒவ்வொரு போல்ட் தலைக்கும் தகட்டுக்கும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு இழுத்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பிரிக்கும்போது இந்தக் கேள்விகளில் பாதி உங்களுக்கு எழாது. அப்புறம் பிளாஸ்டிக் தாள், அதன் மேல் பேட். கைப்பிடியைச் செருகுவதற்கு முன் இரண்டு பக்கக் கண்ணாடியையும் உச்சிவரை ஏற்றி, இரண்டு கைப்பிடியும் ஒரே திசையைப் பார்க்கும்படி மாட்டுங்கள்.